மார்சேயில் எங்கே, என்ன சாப்பிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸின் தெற்குக் கரையில் இருக்கும் மார்சேய்க்குக் கிளம்புகிற நண்பர்களும் சொந்தக்காரர்களும் போன் போட்டுக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். பாரிஸிலிருந்து இரண்டு நாள் லீவுக்கு ரயில் ஏறுபவர்கள், ஊரிலிருந்து சுற்றுலா வருபவர்கள், கப்பலில் காலையில் இறங்கி மாலையே திரும்ப ஏறுபவர்கள், எல்லோருக்கும் அதே சந்தேகங்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். விலைகள் தோராயமானவை. கடைகளில் பல காலமாக நிலைத்து நிற்பவற்றை மட்டுமே பெயர் சொல்லியிருக்கிறேன்.

ரயில்ல இறங்கினதும் சாப்பிட எந்தப் பக்கம் போகணும்?

நோவாய் என்கிற சந்தைப் பகுதிக்குப் போங்கள். சேன் ஷார்ல் ஸ்டேஷனின் பெரிய படிக்கட்டில் இறங்கி நேராக நடந்தால் பதினைந்து நிமிடம், மெட்ரோவில் என்றால் அடுத்த ஸ்டேஷன். கபுசேன் சந்தை அங்கேதான் இருக்கிறது. கொத்துக் கொத்தாகப் புதினா, மலை போல் ஆலிவ், உப்பில் ஊறிய எலுமிச்சை, மரவள்ளிக்கிழங்கு, வாழைக்காய், மூட்டை மூட்டையாகச் சீரகம். அந்தச் சந்தையைச் சுற்றியிருக்கும் நாலு தெருக்களில் துனீசியா, அல்ஜீரியா, லெபனான், செனகல் சாப்பாடு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும்.

முதல் வேளையைப் பழைய துறைமுகத்தின் ஓரத்து மேசைகளில் செலவழிக்க வேண்டாம். அங்கே காற்றும் காட்சியும் நன்றாக இருக்கும், ஒரு காபி குடிக்கலாம், அவ்வளவுதான். நோவாயிலிருந்து கானபியேர் வீதி வழியாகக் கீழே பத்து நிமிடம் நடந்தால் துறைமுகம் வந்துவிடும், அதனால் எதையும் இழக்கப் போவதில்லை.

ஒரே ஊர்ல இத்தனை நாட்டுச் சாப்பாடு எப்படி வந்துச்சு?

ஊர் தொடங்கியதே வெளியிலிருந்து வந்தவர்களால்தான். கி.மு. 600 வாக்கில் இன்றைய துருக்கிக் கரையில் இருந்த ஃபொக்கேயா என்ற கிரேக்க நகரத்திலிருந்து வந்த மாலுமிகள் இங்கே குடியேறினார்கள், திராட்சைக் கொடியையும் கொண்டு வந்து நட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து கூலி வேலைக்குக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1915 இனப்படுகொலையில் தப்பிய ஆர்மேனியர்கள் 1920-களில் இதே துறைமுகத்தில் இறங்கினார்கள். 1962-ல் அல்ஜீரியா விடுதலை அடைந்தபோது அங்கிருந்த ஐரோப்பியர்களும் யூதர்களும் கப்பல் கப்பலாக வந்து சேர்ந்தார்கள், கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் அல்ஜீரியர்கள், மொராக்கோக்காரர்கள், துனீசியர்கள் அதற்கு முன்னும் பின்னும் வந்துகொண்டே இருந்தார்கள். இந்தியப் பெருங்கடலின் கொமோரோத் தீவுகளிலிருந்து வந்தவர்களும் இன்று இங்கே மிகப் பெரிய சமூகம்.

நமக்கும் இந்தத் துறைமுகத்தோடு ஒரு தொடர்பு உண்டு. மெஸ்ஸாஜெரி மரிதீம் கம்பெனியின் கப்பல்கள் மார்சேயிலிருந்து சூயஸ் வழியாகக் கொழும்புக்கும் சைகோனுக்கும் போய் வந்தன, புதுச்சேரி ஆட்கள் பிரான்ஸுக்கு வந்த வழியும் பல காலம் அதுதான். வந்தவர்களில் பலர் வேறு ஊருக்குப் போனார்கள். தங்கியவர்கள் முதலில் தங்களுக்காகச் சமைத்தார்கள், அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு விற்றார்கள். நீங்கள் மார்சேயில் சாப்பிடப் போவது பெரும்பாலும் அந்தச் சாப்பாட்டைத்தான்.

பூயாபேஸ் சாப்பிடலேன்னா மார்சேய் போனதே வீண்ணு சொல்றாங்களே?

அப்படி இல்லை. பூயாபேஸ் என்கிற மார்சேய் மீன் குழம்பு அருமையான சாப்பாடு, பணமும் நேரமும் இருந்தால் ஒருமுறை கட்டாயம் சாப்பிடுங்கள். ஆனால் நல்ல இடத்தில் ஒரு ஆளுக்கு 60 முதல் 90 யூரோ வரை ஆகும். நாலு பேர் குடும்பம் அந்தப் பணத்தில் இந்த ஊரில் இரண்டு நாள் வயிறாரச் சாப்பிடலாம், ஐந்தாறு நாட்டுச் சமையலைப் பார்த்துவிடலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

துறைமுகத்துல 25 யூரோவுக்கு பூயாபேஸ்னு போர்டு இருக்கு. அது வேற, இது வேறயா?

வேறு வேறுதான். மீனவர்கள் விற்காமல் மிஞ்சிய முள் நிறைந்த பாறை மீன்களைக் கரையிலேயே கொதிக்க வைத்துக் குடித்த குழம்பு, பிறகு ஹோட்டலுக்கு வந்து குங்குமப்பூ சேர்ந்து விலை ஏறியது. கண்டதையும் போட்டு அந்தப் பெயரில் விற்க ஆரம்பித்ததும், 1980-ல் மார்சேய் உணவக முதலாளிகள் சிலர் சேர்ந்து ஒரு சாசனம் எழுதினார்கள். அதில் சொல்லியிருக்கிற மீன்களில் குறைந்தது நாலு வகையாவது இருக்க வேண்டும்: ரஸ்காஸ், கலினெத், சேன் பியேர், போத்ருவா, கடல் விலாங்கு போன்றவை. முக்கியமாக அந்த ரஸ்காஸ், தலை முழுக்க முள்ளோடு செக்கச் செவேல் என்று இருக்கும் மீன், அது இல்லாமல் அந்த ருசி வராது.

பரிமாறுவதிலும் ஒரு முறை இருக்கிறது. முதலில் குழம்பு மட்டும் தனியாக வரும், கூடவே வறுத்த ரொட்டித் துண்டு, பச்சைப் பூண்டு, ரூய் என்கிற பூண்டும் மிளகாயும் குங்குமப்பூவும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து அரைத்த சாந்து. ரொட்டியில் பூண்டைத் தேய்த்து, ரூயைத் தடவி, குழம்பில் மிதக்கவிட்டுச் சாப்பிட வேண்டும். அப்புறம் முழு மீன்களைத் தட்டில் கொண்டு வந்து காட்டி, உங்கள் முன்னாலேயே முள் எடுத்துக் கொடுப்பார்கள். குழம்பு தீரத் தீர ஊற்றுவார்கள். வல்லோன் தெஸ் ஓஃப் என்கிற சின்னப் படகுத்துறையில் இருக்கும் ஃபோன்ஃபோன், பழைய துறைமுகத்து மிராமார் இரண்டும் இதற்குப் பெயர் போனவை. முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. 25 யூரோவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சாதாரண மீன் சூப். சூப்பாக நன்றாகவே இருக்கலாம், மெனுவில் மீன் சூப் என்றே எழுதியிருக்கும் கடையில் போய் 12, 15 யூரோவுக்குக் குடியுங்கள், ரூயும் ரொட்டியும் அதற்கும் கொடுப்பார்கள்.

நாங்க சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லவே இல்லை, பாரிஸைவிட இங்கே எளிது. காரணம் கொண்டைக்கடலை. இத்தாலியின் லிகூரியக் கரையிலிருந்து வந்த பனீஸ், கடலை மாவைக் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்து, வில்லையாக வெட்டி எண்ணெயில் பொரிப்பது, மேலே மொறுமொறு, உள்ளே வெண்ணெய் மாதிரி இருக்கும். இதற்கென்றே வடக்கே லெஸ்தாக் கடற்கரையில் கூண்டுக்கடைகள் இருக்கின்றன, ஜோலியெத் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து 35-ஆம் எண் பஸ் போகும், கோடையில் பழைய துறைமுகத்திலிருந்து படகே விடுகிறார்கள். அல்ஜீரியர்கள் அதே கடலை மாவில் கரன்தீத்தா என்று ஒன்றைச் செய்து, சீரகம் தூவி ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். துனீசியர்களின் லப்லபி, பூண்டும் சீரகமும் போட்ட கொண்டைக்கடலைச் சாறு, காய்ந்த ரொட்டித் துண்டுகள் மேல் ஊற்றுவது. முட்டையும் டூனாவும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். லெபனான் கடைகளில் ஹம்முஸும் ஃபலாஃபெலும் உண்டு. கோடையில் பிஸ்து சூப் கேட்டுப் பாருங்கள், பீன்ஸும் காய்களும் துளசி வகை இலைச் சாந்தும் சேர்ந்தது.

கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் மூன்று. ரொட்டியில் தடவித் தரும் தப்பனாத் பார்க்க வெறும் ஆலிவ் சாந்து மாதிரி இருக்கும், ஆனால் அதில் நெத்திலி வகை மீன் அரைத்திருப்பார்கள். ரவை மாதிரிக் குருணையை ஆவியில் வேகவைக்கும் குஸ்குஸைக் காய்கறிக் குஸ்குஸ் என்று கேட்டாலும் மேலே ஊற்றும் சாறு இறைச்சி வெந்த சாறாக இருக்கும், கடைக்காரரிடம் கேட்டே ஆக வேண்டும். அயோலி என்கிற பூண்டுச் சாந்தில் பச்சை முட்டை இருக்கிறது. "சான் வியாந்த், சான் புவாசோன்" என்று சொன்னால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்பது புரியும், ஆனால் சாற்றைப் பற்றித் தனியாகக் கேளுங்கள், பலர் சாற்றை இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

காரம் கிடைக்குமா? பிரெஞ்சுச் சாப்பாடு உப்புச் சப்பில்லாம இருக்குமே.

துனீசியக் கடைக்குப் போங்கள். ஹரிஸ்ஸா என்கிற மிளகாய்ச் சாந்து நமக்கே உறைக்கும். லப்லபியில் ஒரு கரண்டி கூடுதலாகப் போடச் சொல்லலாம், பொரித்த பன்னுக்குள் உருளைக்கிழங்கு, முட்டை, டூனா, ஹரிஸ்ஸா வைக்கும் ஃப்ரிகாஸேயும் நல்ல காரம். நோவாயின் ஓபாஞ் தெருவில் கீழ்ப்பக்கத்துத் துனீசியக் கடைகளில் மதியம் வரிசை நிற்கும், வரிசை இருக்கிற கடையிலேயே நில்லுங்கள்.

மொராக்கோ, அல்ஜீரியச் சமையலில் மசாலா மணம் அதிகம், காரம் குறைவு. ஹரிஸ்ஸாவைத் தனிக் கிண்ணத்தில் வைப்பார்கள். கேட்டால் இன்னும் தருவார்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ரெண்டாவது நாளே சோறு தேடும். சோறு எங்கே?

கொமோரோக்காரர்களிடம். மரவள்ளி இலையை இடித்துத் தேங்காய்ப்பாலில் நெடுநேரம் வேகவைக்கும் மதாபா, அதைச் சோற்றோடு போட்டுத் தருவார்கள், முதல் வாயிலேயே வீட்டு ஞாபகம் வந்துவிடும். கூடவே மபாவா என்று மசாலா தடவிச் சுட்ட கோழி இறக்கைகள். இந்தச் சாப்பாடு பெரும்பாலும் சின்னச் சின்னக் கடைகளில்தான் கிடைக்கும், வெளியே பெரிய பலகை இருக்காது. மார்சேய்க்கு வந்தவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான் என்பது எனக்கு வருத்தமான விஷயம். செனகல் கடைகளில் மீனும் சோறுமாகச் சமைக்கும் தியபூஜென், நிலக்கடலைக் குழம்பு ஊற்றிய மாஃபே, இரண்டும் தாராளமாகத் தருவார்கள், ஒரு தட்டு இரண்டு பேருக்குக் காணும்.

வியட்நாம் கடைகளும் உண்டு. 1939-40-ல் பிரெஞ்சு அரசு இந்தோசீனாவிலிருந்து சுமார் 20,000 தொழிலாளர்களை மார்சேய்க்குக் கப்பலில் கொண்டு வந்தது, அவர்களில் பலர் வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள். அவர்களில் சிலரைப் பக்கத்துக் கமார்க் பகுதியில் நெல் விளைவிக்க அனுப்பினார்கள். கமார்க் அரிசி இன்று எல்லாக் கடையிலும் பெருமையாக விற்கிறது, சிவப்பரிசியும் இருக்கிறது. அந்தத் தொழிலாளர்களுக்கு உரிய கூலி கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். இட்லி தோசை தேடுபவர்கள் பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேலிலேயே சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறுவது உத்தமம்.

எந்த நாள் போனா நல்லது? எத்தனை மணிக்குச் சாப்பாடு?

மதியம் 12 முதல் 2 வரை, இரவு 7.30-க்கு மேல். மூன்று மணிக்குப் போய் உட்கார்ந்தால் பிரெஞ்சு உணவகங்களில் அடுப்பு அணைந்திருக்கும். நோவாய்க் கடைகளில் அந்தக் கட்டுப்பாடு குறைவு. ஞாயிறும் திங்களும் பல உணவகங்கள் மூடியிருக்கும், ஆகஸ்டில் சிலர் மொத்தமாகவே பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

தேர்ந்தெடுக்க முடிந்தால் வெள்ளிக்கிழமை வாருங்கள். கத்தோலிக்கர்கள் வெள்ளியன்று இறைச்சி தவிர்த்த வழக்கத்தால் அன்று பல பிரெஞ்சு உணவகங்களில் பெரிய அயோலி போடுவார்கள், உப்புக்கண்டம் போட்ட காட் மீன், வேகவைத்த காய்கள், முட்டை, நடுவில் பூண்டுச் சாந்து. அதே வெள்ளிக்கிழமை, தொழுகை நாள் என்பதால், வட ஆப்பிரிக்க வீடுகளிலும் கடைகளிலும் குஸ்குஸ். ஒரே மதியம், இரண்டு தெரு தள்ளி, இரண்டு மதத்து வெள்ளிச் சாப்பாடு. ரமலான் மாதத்தில் வருபவர்களுக்கு இன்னொரு கொடுப்பினை, மாலையில் நோவாய், பெல்சன்ஸ் தெருக்கள் முழுக்க ஜலாபியா, பாதாம் இனிப்பு, பேரீச்சை வைத்த மக்ரூத், ரொட்டி என்று மேசை போட்டு விற்பார்கள்.

ஹலால் பார்க்கறவங்க, மாடு சாப்பிடாதவங்க, பன்றி சாப்பிடாதவங்க எல்லாம் ஒண்ணா வரோம். எப்படிச் சமாளிக்கறது?

நோவாயிலும் பெல்சன்ஸிலும் வட ஆப்பிரிக்கக் கடைகளில் ஹலால்தான் வழக்கம், பன்றி இருக்காது. மாடுதான் கவனிக்க வேண்டியது: மெர்கேஸ் என்கிற சிவப்புத் தொத்திறைச்சியில் மாடும் ஆடும் கலந்திருப்பது சாதாரணம், அரைத்த இறைச்சி எதுவாக இருந்தாலும் மாடாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆர்மேனியர்களின் லஹ்மஜூன், மெல்லிய ரொட்டியில் அரைத்த இறைச்சி தடவிச் சுடுவது, அதிலும் கேளுங்கள். கோழி, முழுத் துண்டு ஆட்டுக்கறி, மீன் இவற்றில் குழப்பம் வராது. கோர்சிகா, ப்ரொவான்ஸ் கடைகளில் பன்றி சர்வ சாதாரணம். எல்லோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டுமென்றால் மீன் கடை அல்லது குஸ்குஸ் கடை. சைவர்கள் மட்டும் முன்பு சொன்ன சாறு விஷயத்தை மறக்க வேண்டாம்.

பீட்சா இத்தாலியில சாப்பிடறது. மார்சேய்ல எதுக்கு?

நேப்பிள்ஸ்காரர்கள் இங்கே வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, பீட்சா இந்த ஊரின் சொந்தச் சாப்பாடாகிவிட்டது. விறகடுப்பில் சுட்டது, பாதியில் சீஸ், பாதியில் நெத்திலி என்று இரண்டும் ஒரே வட்டத்தில் வரும், அதைத்தான் ஊர்க்காரர்கள் கேட்டு வாங்குவார்கள். ஓபாஞ் தெருவில் 1943 முதல் இருக்கும் சொவேர் கடை ஒன்று போதும். வேனுக்குள் அடுப்பு வைத்துத் தெருமுனையில் பீட்சா விற்கும் வழக்கமும் 1962-ல் மார்சேயில் தொடங்கி பிரான்ஸ் முழுக்கப் பரவியது.

நோவாய் பக்கம் போகாதேன்னு ஒருத்தர் சொன்னார். பயமா இருக்கு.

நெரிசலான, ஏழைகள் வாழும், சத்தமான இடம். பர்ஸையும் போனையும் முன் பாக்கெட்டில் வையுங்கள், மெட்ரோ வாசலில் சிகரெட் விற்பவர்களைக் கடந்து நடந்துகொண்டே இருங்கள். பகலில் பாட்டிகளும் குழந்தைகளும் காய்கறி வாங்குகிற சந்தை இது. இரவு வெகுநேரம் ஆனபின் தனியாகச் சுற்ற வேண்டாம் என்பது எந்தத் துறைமுக நகரத்துக்கும் பொருந்தும்.

உண்மையான ஆபத்து அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் இருந்தது. 2018 நவம்பர் 5-ஆம் தேதி ஓபாஞ் தெருவில் பராமரிப்பில்லாத பழைய கட்டடங்கள் இடிந்து விழுந்து 8 பேர் இறந்தார்கள். அந்தத் தெருவில்தான் நீங்கள் லப்லபி சாப்பிடப் போகிறீர்கள். நினைவிடத்தில் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் அமைதியாகக் கடந்து போங்கள், பக்கத்துக் கடைகளில் காசைச் செலவழியுங்கள்.

தண்ணிக்கும் காசா? டிப்ஸ் எவ்வளவு?

ஜாடியில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசம், சட்டப்படி தர வேண்டும். "கராஃப் தோ" என்று கேளுங்கள், வெறுமனே தண்ணீர் என்று கேட்டால் பாட்டில் வந்துவிடும். பில்லில் சேவைக் கட்டணம் சேர்ந்தே இருக்கும், டிப்ஸ் கட்டாயமில்லை. மதியம் கரும்பலகையில் எழுதியிருக்கும் அன்றைய தட்டு 12 முதல் 18 யூரோவுக்குள் கிடைக்கும், இரவில் அதே கடை அதைவிட அதிகம் வாங்கும். சின்னக் கடைகளில் கார்டு எடுக்காமல் போகலாம், 20 யூரோ கையில் இருக்கட்டும்.

இதெல்லாம் அரபுச் சாப்பாடு, ஆப்பிரிக்கச் சாப்பாடு. நிஜமான மார்சேய் சாப்பாடு எது?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது, இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். சேன் விக்தோர் மடத்துக்குப் பக்கத்தில் 1781 முதல் நவெத் சுடும் பேக்கரி இருக்கிறது, படகு வடிவத்தில் ஆரஞ்சுப் பூ வாசத்தோடு கெட்டியாக இருக்கும் பிஸ்கட், பிப்ரவரி 2 மெழுகுவர்த்தித் திருநாளுக்கு ஊரே வாங்கும். ஆட்டுக்கால், குடல் மடித்துக் கட்டிச் சமைக்கும் பியே பக்கே இருக்கிறது. குளிர்காலத்தில் கடல் முள்ளெலி, உடைத்து ஆரஞ்சு நிறத்துச் சினையை ரொட்டியில் வைத்துச் சாப்பிடுவது. 1932-ல் ரிக்கார் இந்த ஊரில் தொடங்கிய பஸ்தீஸ் என்கிற சோம்பு வாசத்து மது. இவை எல்லாம் மார்சேய்தான், சந்தேகமே இல்லை.

ஆனால் பூயாபேஸ் சாசனம் எழுதியது 1980-ல் என்று மேலே சொன்னேன். பார்லி குஸ்குஸ் போடும், அல்ஜீரியாவின் கபீலியப் பகுதிக்காரர்களின் கடையான ஃபெமினா, கானபியேருக்குப் பக்கத்துத் தெருவில் 1921 முதல் இருக்கிறது. நாலு தலைமுறை பார்த்த கடையை வெளிநாட்டுச் சாப்பாடு என்று எப்படிச் சொல்வது? பனீஸ் லிகூரியா, பீட்சா நேப்பிள்ஸ், தக்காளி அமெரிக்கா. 2021-ல் மூன்று மிஷெலான் நட்சத்திரம் வாங்கிய சமையல்காரர் அலெக்சாந்தர் மஸ்ஸியா வளர்ந்தது காங்கோவில், அவருடைய தட்டில் புகை வாசமும் மிளகாயும் இருக்கிறது. முன்னால் வந்தவனின் சாப்பாடு ஊர்ச் சாப்பாடு, பின்னால் வந்தவனின் சாப்பாடு வெளிச் சாப்பாடு என்று கோடு போடுவது இங்கே யாருக்கும் சரிப்படாது. ஃபெமினாவில் ஒரு மதியம் உட்கார்ந்தால் பக்கத்து மேசைகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

கப்பல்ல வரோம், கையில அஞ்சு மணி நேரம்தான். என்ன பண்ணலாம்?

பயணிகள் கப்பல் நிற்கும் இடம் ஊரிலிருந்து தள்ளி வடக்கே இருக்கிறது, நடந்து வர முடியாது. ஜோலியெத் வரை எப்படியாவது வந்துவிட்டால் அங்கிருந்து மெட்ரோ இரண்டாம் பாதை நேராக நோவாய்க்குக் கொண்டு வந்துவிடும். பதினொன்றரைக்குள் சந்தைக்கு வாருங்கள், முதலில் சுற்றிப் பாருங்கள், 12 மணிக்கு லப்லபி அல்லது சொவேரில் ஒரு பீட்சாவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். 1815 முதல் இருக்கும் பேர் ப்ளேஸ் மூலிகைக் கடை அதே பக்கம்தான், உள்ளே போய் மோந்து பார்க்கவாவது போகலாம்.

அப்புறம் கானபியேரில் இறங்கித் துறைமுகம், கரையோரமாக நடந்து நவெத் பேக்கரி. நவெத் பல வாரம் கெடாது, ஊருக்குக் கொண்டு போக அதைவிட நல்ல பொருள் இல்லை. பூயாபேஸை இந்த ஐந்து மணி நேரத்தில் திணிக்காதீர்கள், அதற்கு மட்டுமே இரண்டு மணி நேரம் போய்விடும், மீன் முள் எடுத்து முடிப்பதற்குள் நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.